ஒரே கேள்வித்தாள், ஐந்து வகை ஊழியர்கள்: டிஜிட்டல் பண்பாட்டு மதிப்பெண்களை ஒப்பிடலாமா?

கேள்வி: ஓசூர்_மனிதவளம்

வணக்கம். ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை. நிரந்தர ஆபரேட்டர்கள் 260 பேர், ஒப்பந்தத் தொழிலாளர்கள் 150, சூப்பர்வைசர்களும் பொறியாளர்களுமாக 70, அலுவலகத்தில் 95, வாடிக்கையாளர் இடத்துக்குப் போகும் சர்வீஸ் ஆட்கள் 45. ஒப்பந்தத் தொழிலாளர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்.

டிஜிட்டல் பண்பாடு எந்த அளவுக்கு ஊன்றியிருக்கிறது என்று பார்க்க 24 கேள்விகள் கொடுத்தோம். "முற்றிலும் ஏற்கவில்லை" 1, "முற்றிலும் ஏற்கிறேன்" 5. தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் இருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் குரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.88. சராசரிகள்: அலுவலகம் 4.1, சூப்பர்வைசர்கள் 3.8, சர்வீஸ் 3.6, நிரந்தர ஆபரேட்டர்கள் 3.2, ஒப்பந்தத் தொழிலாளர்கள் 3.9.

நிர்வாகம் 3.2-ஐ மட்டும் பார்த்துவிட்டு "ஆபரேட்டர்களுக்கு மனநிலை மாறவில்லை, பயிற்சி போடுங்கள்" என்கிறது. எனக்கு உறுத்துவது 3.9. அதே மெஷின், அதே திரை, அதே ஷிஃப்ட். ஒப்பந்தத் தொழிலாளருக்கு மட்டும் எப்படி இவ்வளவு உயர்ந்தது?

மாதிரிக்கு நான்கு கேள்விகள்:
"முக்கியத் தகவல்கள் எனக்கு மின்னஞ்சலில் உடனுக்குடன் கிடைக்கின்றன."
"புதிய மென்பொருளை நானாகவே முயன்று பார்க்கிறேன்."
"தரவின் அடிப்படையில் முடிவெடுக்கிறேன்."
"டிஜிட்டல் கலாச்சாரத்தை எங்கள் நிறுவனம் ஊக்குவிக்கிறது."

இந்த எண்களை எப்படிப் படிப்பது? திரும்ப எடுப்பதானால் எங்கே திருத்துவது?

பதில் 1: அளவீட்டு_மேசை

3.2-ஐயும் 4.1-ஐயும் இப்போதைக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆல்ஃபா 0.88 அந்த ஒப்பீட்டை நியாயப்படுத்தாது. கேள்விகள் கூடக் கூட ஆல்ஃபா தானாக ஏறும். 24 கேள்விகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.23 இருந்தாலே போதும்: 24 × 0.23 = 5.52, அதை 1 + 23 × 0.23 = 6.29-ஆல் வகுத்தால் 0.88 வந்துவிடும். அந்த 24-க்குள் மூன்று நான்கு வேறு வேறு விஷயங்கள் கலந்திருந்தாலும் ஆல்ஃபா காட்டிக்கொடுக்காது. அதோடு நீங்கள் எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள். குழுவாரியாகப் போட்டிருந்தாலே கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கும்.

அடிப்படைச் சிக்கல் இது: உங்கள் நான்கு கேள்விகளில் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. மின்னஞ்சல் கேள்வி வசதியைக் கேட்கிறது. மென்பொருள் கேள்வி அனுமதியையும் திறமையையும் சேர்த்துக் கேட்கிறது. தரவுக் கேள்விதான் பண்பாட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. பண்பாடு என்றால் இங்கே எது வழக்கம், எதைச் செய்தால் பாராட்டு, எதைச் செய்தால் திட்டு என்பது. திரையில் ஒரு ரீடிங், மூத்தவர் வாயில் வேறொரு ரீடிங் என்றால் கடைசியில் எது நிற்கும்? ரிஜெக்ட் ஆன பீஸ் சிஸ்டத்தில் ஏறுமா, ஸ்கிராப் தொட்டிக்கு ஓசையில்லாமல் போகுமா? அடுத்த டிபார்ட்மென்ட் கேட்டால் எக்செல் கோப்பைக் கொடுப்பார்களா? இவற்றை ஆபரேட்டரிடமும் கேட்கலாம், அக்கவுன்ட்ஸிலும் கேட்கலாம்.

வசதிக் கேள்விகள் எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள். 24-ல் 9 கேள்விகள் மின்னஞ்சல், லேப்டாப், சொந்த லாகின் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை என்று கொள்வோம். லாகின் இல்லாத ஆபரேட்டர் அந்த 9-லும் 4 போட வேண்டிய இடத்தில் 2 போடுவார். 9 × 2 = 18, அதை 24-ஆல் வகுத்தால் 0.75. உங்கள் இடைவெளி 0.9. அதில் பெரும்பங்கை இப்படியே விளக்கிவிடலாம், யாருடைய மனநிலையையும் இழுக்காமல்.

இனி முறையான சோதனை. ஆராய்ச்சியாளர்கள் இதை அளவீட்டுச் சமத்தன்மை என்பார்கள். இரண்டு கடையில் காய் வாங்கி எடையை ஒப்பிடுவதற்கு முன் இரண்டு கடையின் படிக்கல்லும் ஒன்றுதானா என்று பார்ப்பது போல. மூன்று படி.

முதல் படி, அமைப்பு. எல்லாக் குழுவிலும் அதே கேள்விகள் அதே கூறுகளின் (பல கேள்விகள் சேர்ந்து அளக்கும் ஒரு பொருள்) கீழ் சேர்கின்றனவா? "டேட்டாவைப் பகிர்கிறோம்" என்ற கேள்வி அலுவலகத்தில் ஒத்துழைப்போடு சேரும். ஆபரேட்டர்களிடம் கண்காணிப்பு பயத்தோடு சேரலாம். அங்கேயே உடைந்துவிட்டால் மேற்கொண்டு போக வேண்டாம்.

இரண்டாம் படி, சுமை. ஒவ்வொரு கேள்வியும் பின்னால் இருக்கும் கூறோடு ஒரே வலுவில் பிணைந்திருக்கிறதா? இது தேறினால் "பயிற்சிக்கும் இந்தக் கூறுக்கும் உள்ள தொடர்பு" போன்றவற்றைக் குழுக்களுக்கிடையே ஒப்பிடலாம். சராசரியை இன்னும் ஒப்பிடக் கூடாது.

மூன்றாம் படி, தொடக்கப் புள்ளி. பண்பாடு ஒரே அளவில் இருக்கும் இருவர் அதே கேள்விக்கு ஒரே எண்ணைத்தான் போடுகிறார்களா? லைனில் செல்போனுக்கே தடை என்றால் "புதிய மென்பொருளை நானாகவே முயன்று பார்க்கிறேன்" என்பதற்கு எவ்வளவு ஆர்வமுள்ள ஆபரேட்டரும் 2-க்கு மேல் போட மாட்டார். இந்தப் படியைத் தாண்டினால்தான் சராசரிகளை ஒப்பிட முடியும். பெரும்பாலான கேள்வித்தாள்கள் விழுவதும் இங்கேதான்.

ஆர் என்ற புள்ளியியல் மென்மொழியின் லவான் பொதி இதற்குப் போதும், இலவசம். ஒவ்வொரு படியிலும் சமம் என்ற நிபந்தனையைக் கூட்டிக்கொண்டே போய், மாதிரி (மாடல்) தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்களில் சிஎஃப்ஐ 0.01-க்கு மேல் இறங்கினாலோ ஆர்எம்எஸ்இஏ 0.015-க்கு மேல் ஏறினாலோ அந்தப் படி தேறவில்லை என்று கொள்வது வழக்கம். கை-ஸ்குவேர் என்ற பொருத்தச் சோதனையின் வேறுபாட்டை மட்டும் நம்பினால் ஆட்கள் அதிகமுள்ள இடத்தில் அற்ப வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். ஐந்தே விடைகள் என்பதால் வரிசைத் தரவாக (ஏறுவரிசை உண்டு, இடைவெளி சமமென்று இல்லை) எடுத்து, அதற்கேற்ற டபிள்யூஎல்எஸ்எம்வி என்ற கணக்கீட்டு முறையில் ஓட்டுங்கள். அந்த 0.01, 0.015 எல்லைகள் தொடர் எண்களை வைத்து வந்தவை. வரிசைத் தரவில் அவற்றைக் கறாரான கோடாகப் பிடிக்க வேண்டாம்.

இங்கே அடிக்கடி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அலுவலகத்தில் ஒருவர்கூட 1 போடாத கேள்வி இருந்தால் அந்தக் குழுவுக்கு ஒரு வாசல் மதிப்பு (ஒரு விடையிலிருந்து அடுத்த விடைக்குத் தாண்டும் எல்லை) குறையும், மாதிரி ஓடாது. அப்போது 1-ஐயும் 2-ஐயும் எல்லாக் குழுக்களிலும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். ஒரு குழுவில் மட்டும் சேர்த்தால் தவறு.

கேள்விகள் சிலவே சமமில்லை என்றால் அவற்றை மட்டும் விடுவித்துவிட்டு ஓட்டலாம். ஒவ்வொரு கூறிலும் குறைந்தது இரண்டு கேள்விகளாவது சமமாக நிற்க வேண்டும். விடுவித்த கேள்விகளைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தந்தக் குழுவின் வேலைச் சூழல் எங்கே மாறுபடுகிறது என்பதை அவைதான் சொல்கின்றன, அறிக்கையில் அவற்றுக்குத் தனி இடம் கொடுங்கள்.

உங்கள் எண்ணிக்கைக்கு ஒரு எச்சரிக்கை. குழுவுக்கு 200 பேர் இருந்தால் நல்லது, 100-க்குக் கீழே இந்தச் சோதனையை நம்ப முடியாது. நிரந்தரம், ஒப்பந்தம் இரண்டையும் ஒப்பிடலாம். அலுவலகத்தின் 95 பேரை ஒரு கூறு, ஆறேழு கேள்வி என்று சுருக்கினால் எச்சரிக்கையோடு சேர்க்கலாம். 70-க்கும் 45-க்கும் வேண்டாம்.

அவர்களுக்கு எக்செல்லில் ஒரு முரட்டு வழி: ஒவ்வொரு கேள்வியின் சராசரியிலிருந்தும் அந்தக் குழுவின் மொத்தச் சராசரியைக் கழியுங்கள். அலுவலகத்தில் மின்னஞ்சல் கேள்வி 4.5 என்றால் 4.1 போக +0.4. ஆபரேட்டரிடம் 1.9 என்றால் 3.2 போக −1.3. இரண்டுக்கும் 1.7 வித்தியாசம். 0.5-க்கு மேல் விலகும் கேள்விகளைச் சந்தேகப் பட்டியலில் போடுங்கள். எல்லாக் கேள்விகளும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் இந்த வழி கண்டுபிடிக்காது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் 3.9 அப்படிப்பட்ட சாய்வாக இருக்கலாம் என்பது என் ஐயம்.

பதில் 2: ஷிஃப்ட்_பி

அந்த 3.9 பத்தி மட்டும் முதல்ல ஒரு கேள்வி. ஒப்பந்த ஆட்கள் எதுல நிரப்பினாங்க? சொந்த போனா, லைன் லீடர் போனா, கான்ட்ராக்டரோட ஆள் பக்கத்துல நின்னாரா? லீடர் போன் கைமாறிக் கைமாறிப் போயிருந்தா 3.9-க்கு வேற விளக்கமே தேவையில்லை. அடுத்த மாசம் கேட்டுக்குள்ள வர முடியுமாங்கறது யார் கையில இருக்கோ, அவர் முன்னாடி யாரும் 2 போட மாட்டாங்க.

கையில இருக்கிற டேட்டாவுலயே சரிபார்க்கலாம். ஆளுக்கு ஆள் 24 விடைகளோட திட்டவிலக்கம் (விடைகள் எவ்வளவு சிதறியிருக்குன்னு காட்டற எண்) எடுங்க. பூஜ்யமோ, 0.3-க்குக் கீழயோ வர்றவங்க ஒவ்வொரு குழுவிலும் எத்தனை சதவீதம்னு பாருங்க. அப்புறம் எதிர்மறைக் கேள்வி ஏதாவது இருந்தா அதையும் அதோட நேர்மறை ஜோடியையும் பக்கத்துல வைங்க. ரெண்டுக்கும் 4 போட்டிருந்தா கேள்வியைப் படிக்கலைன்னு அர்த்தம், இல்ல "ஆமா" சொல்லியே பழகினவங்கன்னு அர்த்தம். படிவம் நேரத்தைப் பதிவு பண்ணியிருந்தா 24 கேள்வியை 90 நொடிக்குள்ள முடிச்சவங்களைத் தனியா எடுங்க. எடுத்ததுக்கு அப்புறம் குழுச் சராசரியை மறுபடி போடுங்க. முன்னும் பின்னும் ரெண்டு எண்ணையும் காட்டுங்க, சத்தமில்லாம நீக்கிடாதீங்க.

மொழி. "டிஜிட்டல் கலாச்சாரம்"னு கேள்வித்தாள்ல எழுதவே எழுதாதீங்க. தமிழ்ல கலாச்சாரம்னா உடை, பழக்கவழக்கம், ஒழுக்கம்னு மனசு எங்கேயோ போயிடும். "தரவு"ங்கிற சொல் லைன்ல கிடையாது. ரீடிங், என்ட்ரி, கவுன்ட், ரிப்போர்ட், இதுதான் அங்க பேச்சு. "தரவின் அடிப்படையில் முடிவெடுக்கிறேன்"ங்கறதை "டூல் மாத்தறதா வேண்டாமான்னு எங்க லைன்ல ஸ்கிரீன்ல வர்ற ரீடிங்கைப் பார்த்துத்தான் முடிவு பண்றோம்"னு எழுதினா உடனே புரியும். அலுவலகத்துக்கு உதாரணத்தை மாத்திக்கலாம், கேள்வியோட எலும்பு ஒண்ணா இருக்கணும்.

"ஏற்கவில்லை"ன்னு முடியற அளவுகோல் தமிழ்ல எதிர்மறைக் கேள்வியோட சேர்ந்தா தலை சுத்தும். "பதிவு செய்வதில்லை" என்பதை "ஏற்கவில்லை"ன்னா பதிவு பண்றாங்களா இல்லையா? எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்தவர்கிட்ட இதைக் கேட்கக் கூடாது. அடிக்கடித்தன்மையா மாத்துங்க: "கடந்த 4 வாரத்துல: ஒருமுறைகூட இல்லை, ஒண்ணு ரெண்டு முறை, வாரம் ஒருமுறை, வாரத்துல பல முறை, தினமும்." நடுவுல இருந்த "நடுநிலை"யும் போயிடும். நம்ம ஊர்ல நடுநிலைன்னா யார் பக்கமும் சேராதவன்னு எடுத்துக்கறாங்க, வம்பு வேண்டாம்னு அதையே டிக் பண்றாங்க. கூடவே "எனக்கு இந்த வசதி இல்லை"ன்னு ஆறாவது கட்டம் கண்டிப்பா வேணும். அதைச் சராசரியில சேர்க்காதீங்க, தனியா எண்ணுங்க. வசதி எங்க இல்லைங்கறது அதுலயே தெரிஞ்சிடும்.

இந்திக்கு மொழிபெயர்த்தா போதும்னு நினைக்காதீங்க. ஒடியா பேசறவங்களுக்கு இந்தி கேட்டாப் புரியும், படிக்கறது வேற. ஒருத்தர் மொழிபெயர்க்கணும், மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் திரும்பத் தமிழுக்குக் கொண்டு வரணும், ரெண்டு தமிழையும் ஒப்பிடணும். அதுக்கப்புறம் ஒவ்வொரு குழுவுலயும் 5 முதல் 8 பேரைத் தனித்தனியா உட்கார வைச்சு "இந்தக் கேள்வி என்ன கேட்குது, உங்க வார்த்தைல சொல்லுங்க", "ஏன் 4 போட்டீங்க"ன்னு கேளுங்க. இதை விட்டுட்டு நேரா 620 பேருக்கு அனுப்பறதுதான் பெரிய விரயம். படிக்கச் சிரமப்படறவங்களுக்கு ஆடியோ வைங்க. சூப்பர்வைசர் படிச்சுக் காட்டறது வேண்டாம்.

நடத்துற நேரம் ஷிஃப்ட் ஆரம்பம், டூல்பாக்ஸ் மீட்டிங் முடிஞ்சதும் 15 நிமிஷம். ஷிஃப்ட் முடியற நேரத்துல கம்பெனி பஸ்தான் மனசுல இருக்கும். கேன்டீன்ல நாலு டேப்லெட், இல்லைன்னா பேப்பரும் பூட்டின பெட்டியும். பெயர், டோக்கன் நம்பர் எதுவும் வேண்டாம்.

பதில் 3: சர்வர்_ரூம்

கேள்வித்தாளோடு நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் உற்பத்தி மென்பொருளிலும் இஆர்பியிலும் (கம்பெனியின் எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் மென்பொருள்) தடயங்கள் இருக்கின்றன. லாகின் எண்ணிக்கையைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். ஒரு லைனுக்கு ஒரு பாஸ்வேர்டு, அது திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அந்த எண் எதையும் சொல்லாது.

பயன்படுவது இவை. பீஸ் முடிந்த நேரத்துக்கும் என்ட்ரி ஏறிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி, சராசரியாக அல்லாமல் இடைநிலை மதிப்பாக (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்). ஒரு ஷிஃப்டின் என்ட்ரிகளில் எத்தனை சதவீதம் கடைசி 15 நிமிடத்தில் விழுகின்றன: பெரும்பகுதி அங்கே குவிந்தால் நாள் முழுக்கப் பேப்பரில் எழுதிவிட்டுக் கடைசியில் ஏற்றுகிறார்கள். பிரேக்டவுன் காரணங்களில் "மற்றவை" எத்தனை. கையால் ஏற்றும் அளவு ரீடிங்குகளின் கடைசி இலக்கம்: போதுமான நுணுக்கத்தில் அளந்தால் 0-வும் 5-ம் சேர்ந்து சுமார் 20 சதவீதம்தான் வர வேண்டும். 50, 60 என்று வந்தால் கேஜை (அளவுக் கருவியை)ப் பார்த்து எழுதவில்லை, உத்தேசமாகப் போடுகிறார்கள். அதற்கு முன் கேஜின் மிகச்சிறு அளவு 0.05 மில்லிமீட்டரா 0.01-ஆ என்று பாருங்கள். 0.05 என்றால் கடைசி இலக்கம் எப்போதும் 0 அல்லது 5-தான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இதிலும் அதே ஒப்பீட்டுப் பொறி உண்டு. ஸ்கேனர் உள்ள லைனின் தாமதத்தையும் கீபோர்டில் அடிக்கும் லைனின் தாமதத்தையும் ஒப்பிட்டால் அளப்பது கருவியை. ஒரே வகைக் கருவி உள்ள லைன்களுக்குள்ளேயே ஒப்பிடுங்கள்.

லைன், ஷிஃப்ட் அளவில் மட்டும் கேள்வித்தாளோடு இணையுங்கள். தனிநபர் அளவில் இணைத்தால் ரகசியம் காப்போம் என்ற வாக்கு அன்றே போனது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைத்து, எதற்காகத் திரட்டுகிறோம், எப்போது அழிப்போம் என்று அறிவிப்புப் பலகையிலேயே போட்டுவிடுங்கள். 10 பேருக்குக் குறைந்த கட்டத்தை அச்சிடாதீர்கள். கழித்துக் கண்டுபிடிக்கும் வழியையும் அடையுங்கள்: ஒரு பிரிவில் 23 பேரின் சராசரியும் அதில் ஆண்கள் 20 பேரின் சராசரியும் தனித்தனியே வெளியானால், மீதி மூன்று பெண்களின் சராசரியை யாரும் கால்குலேட்டரில் எடுத்துவிடலாம்.

பதில் 4: கேஜ்_ரூம்

சர்வீஸ் ஆட்கள் 45 பேருக்குக் கேள்வித்தாளே தேவையில்லை. எட்டுப் பேரோடு தலா 40 நிமிடம் பேசுங்கள். வாடிக்கையாளர் இடத்தில் சிக்னல் இல்லாதபோது செயலி என்ன செய்கிறது, ஜாப் கார்டை எங்கே எழுதுகிறார்கள், எப்போது ஏற்றுகிறார்கள் என்று கேட்டால் போதும். அவர்களின் 3.6-ல் பாதி நெட்வொர்க் பிரச்சினையாக இருக்கும்.

ஓசூர்_மனிதவளம்

எல்லோருக்கும் நன்றி. லீடர் போன் விஷயம் சரிதான். ஒப்பந்தத் தொழிலாளர்களில் 61 பேருக்குத் திட்டவிலக்கம் பூஜ்யம், எல்லாம் 4. நிரந்தரத்தில் அப்படி 9 பேர்தான்.

இரண்டு கேள்விகள். நிர்வாகம் தொழிற்சாலைக்கு ஒரே எண் கேட்கிறது, என்ன சொல்வது? அடுத்து, பயிற்சிக்குப் பின் திரும்ப அளந்து ஏற்றத்தைக் காட்டச் சொல்கிறார்கள். அது சரியா?

அளவீட்டு_மேசை

150-ல் 61 என்றால் அந்த 3.9-ஐ அறிக்கையில் போடவே கூடாது. தரம் குறைந்த தரவு என்று குறித்துவிட்டு அந்தக் குழுவை மட்டும் திரும்ப எடுங்கள்.

ஒரே எண்ணுக்கு முன் ஒரு சோதனை. பண்பாடு ஒரு குழுவுக்குச் சொந்தமானது. அதனால் "நான்" என்று கேட்காமல் "எங்கள் லைனில்" என்று கேளுங்கள், பிறகு அந்த லைனில் இருப்பவர்கள் ஒத்துப்போகிறார்களா என்று பாருங்கள். ஐந்து விடைகள் சமமாகச் சிதறினால் மாறுபாட்டு எண் (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) 2. லைனின் உண்மையான மாறுபாட்டு எண்ணை 2-ஆல் வகுத்து 1-லிருந்து கழியுங்கள். மாறுபாட்டு எண் 0.6 என்றால் 1 − 0.3 = 0.7, ஏற்கலாம் என்று பொதுவாகக் கொள்ளும் எல்லை இது. 1.5 என்றால் 0.25. அந்த லைனில் ஒரு பகுதி 4, 5 என்றும் இன்னொரு பகுதி 1, 2 என்றும் போட்டிருக்கலாம், அப்படியானால் சராசரி 3-ஐ யாருமே வாழவில்லை. அங்கே பொதுப் பண்பாடு என்று ஒன்று உருவாகவில்லை என்பதே கண்டுபிடிப்பு. பெரும்பாலும் மூத்தவர்களும் புதியவர்களும், அல்லது பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் பிரிந்து நிற்கும். பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு பக்கம் போதும்: மேலே வசதி, "எனக்கு இந்த வசதி இல்லை" என்றவர்கள் குழுவாரியாக எத்தனை சதவீதம். நடுவில் மூன்று கூறுகள், ரீடிங்கை நம்புதல், தவறை மறைக்காமல் பதிதல், தகவலைப் பகிர்தல், ஒவ்வொன்றும் நம்பிக்கை இடைவெளியோடு (எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற வீச்சு). கீழே சர்வர்_ரூம் சொன்ன தடயங்களில் இரண்டு. வசதி வரிசையில் ஆபரேட்டர்களுக்குப் பாதிக்கு மேல் "இல்லை" என்றிருந்தால் பயிற்சிக்குப் போட்ட பணத்தை டெர்மினலுக்குப் போடச் சொல்ல அந்த ஒரு பக்கமே போதும்.

திரும்ப அளப்பதில் ஒரு ஆபத்து. "எனக்கு நன்றாகத் தெரியும்" என்ற கேள்வியில் பயிற்சிக்குப் பிறகு மதிப்பெண் இறங்கலாம். தெரியாதது எவ்வளவு என்பது பயிற்சியில்தான் தெரிய வரும், மனதுக்குள் இருக்கும் அளவுகோல் நீண்டுவிடும். பயிற்சி தோற்றது என்று எழுதிவிடுவார்கள். அதனால் சுயமதிப்பீட்டை வைத்து ஏற்றத்தைக் காட்டாதீர்கள். கடந்த 4 வாரத்தில் எத்தனை முறை என்ற கேள்விகளையும், கடைசி 15 நிமிடக் குவியலையும் வையுங்கள். புதிய தாளை எல்லோருக்கும் 12 பொதுக் கேள்விகள், குழுவுக்கே உரிய நான்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் அந்த 12-ம் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். குழுவுக்கே உரிய நான்கு கேள்விகளை விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம், அவற்றைக் குழுக்களுக்கிடையே ஒப்பிடாத வரைக்கும்.

ஓசூர்_மனிதவளம்

புரிந்தது. ஆகஸ்டில் ஒவ்வொரு குழுவிலும் ஆறு பேரைக் கேள்விகளைத் தங்கள் வார்த்தையில் சொல்ல வைத்துப் பார்த்தல், செப்டம்பரில் திருத்தம், ஒடியா ஆடியோ, அக்டோபரில் கேன்டீன் டேப்லெட்டில் திரும்ப எடுப்பது என்று வைத்திருக்கிறேன்.

ஷிஃப்ட்_பி

அக்டோபர் வேண்டாம். தீபாவளி போனஸ் பேச்சு நடக்குற நேரம், எந்தக் கேள்விக்கும் போனஸ் கோபம்தான் பதிலா வரும். ஒப்பந்த ஆட்களும் ஊருக்குக் கிளம்பிடுவாங்க, சத் பூஜை (தீபாவளிக்கு அப்புறம் வர்ற பீகார், ஜார்க்கண்ட் பக்கத்துப் பண்டிகை) முடிஞ்சுதான் திரும்புவாங்க. டிசம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளுங்க. டேப்லெட்டை லைன் லீடர் பொறுப்புல விடாம, வேற பிளான்ட்லேர்ந்து ஒருத்தரை ரெண்டு நாளைக்கு வரவழைச்சு உட்கார வைங்க.